ஊசிக் கன்று

ஒரு பசுமாட்டை வைத்து எங்கள் வீட்டில் மாதக்கணக்காக வாக்குவாதம் நடந்தது. அதே மாதங்களில் வெளியே அரசாங்கத்தை எதிர்த்த சிங்கள இளைஞர்களுக்கும் இராணுவத்துக்கும் சண்டை; பஸ்கள் எரிந்தன, தபால் கந்தோர்கள் எரிந்தன, ஆட்கள் காணாமற் போனார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவுக்குள் மட்டும் மாட்டுக்குச் சினை ஊசி போட்டது சரியா பிழையா என்பதுதான் காலையிலும் மாலையிலும் பேச்சு. வெளியே நடப்பதைப் பற்றிப் பேசப் பயம். மாட்டைப் பற்றி எவ்வளவு சத்தமாகவும் பேசலாம் அல்லவா?

எண்பத்தெட்டின் கடைசி அது. இலங்கையில் மாத்தளையிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் தோட்டம். கீழே கொக்கோவும் ரப்பரும், அதற்கு மேலே தேயிலை, உச்சியில் ஏலக்காய்க் காடு. நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. என் மகள் பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கணவருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எங்களோடு இருந்தவர் அவருடைய அப்பா, என் மாமா. மனைவியை இழந்தவர், தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டவர். பசு அவருடையது. சிவப்பு நிறம், குட்டையான உடம்பு. சிவலை என்றுதான் கூப்பிடுவோம்.

சிவலையின் பால் வற்றிவிட்டது. திரும்பச் சினைப்பட வேண்டும். கீழ்க் கிராமத்தில் ஒருவர் வைத்திருந்த காளையிடம்தான் சுற்றுவட்டாரத்து மாடுகளையெல்லாம் கொண்டுபோவார்கள். அவர் அந்தக் காளையை லக்கல பக்கம் உழவுக்கென்று கொடுத்துவிட்டார். சிவலை பருவத்துக்கு வந்து கத்திக் கத்தி ஓய்ந்தது, ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"ஊசி போட்டுருவோம்பா" என்றார் என் கணவர்.

"காளையக் காட்டாமக் கன்னா? மாட்டுக்கும் ஒரு மனசு இருக்குல்ல?"

"மனசு இருக்கு. காளைதான் இல்லியே."

மாமா சிரிக்கவில்லை. "கீழ் டிவிசன்ல என்னா நடந்துச்சுன்னு மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசனில் ஒருவர் வீட்டு மாட்டுக்குச் சீமை மாட்டு ஊசி போட்டிருந்தார்கள். கன்று பெரிதாக வளர்ந்துவிட்டது. வெளியே வரமுடியாமல் தாயும் கன்றும் செத்துப்போயின. குழி வெட்டப் போனவர்களில் மாமாவும் ஒருவர். அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே அவர் மறுத்ததைப் பழைய ஆட்களின் பிடிவாதம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. அதேபோல, காளை இல்லாத ஊரில் பசுவை மலடாக வைத்திருக்கலாமா என்று கணவர் கேட்டதும் எனக்கு நியாயமாகவே பட்டது. இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டு நான் நடுவில் இருந்தேன்.

கடைசியில் மாமா, "உங்க இஷ்டம். நான் கயித்தப் பிடிக்கமாட்டேன்" என்றார்.

ஊசி போட வந்தவர் அரசாங்க மிருக வைத்தியப் பகுதியில் வேலை செய்த சிங்களவர். எங்கள் ஆட்கள் அவரை 'ஊசி மாத்தயா' என்றார்கள். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. தோட்டத்துக்குக் கீழேயுள்ள கிராமத்தில்தான் அவர் வீடு, அதனால் ஓரளவு தமிழ் பேசுவார். அவர் ஒரு குடத்தைப் போன்ற பாத்திரத்தைத் திறந்தபோது வெள்ளைப் புகை வழிந்தது. லயத்துப் பெண்களெல்லாம் கிட்ட வந்து எட்டிப் பார்த்தோம். மாமா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் காளை எங்க இருக்கு?"

"தூரத்துப் பண்ணையில, பெரியவர். இப்ப உசிரோட இருக்கோ தெரியாது. இது உறைய வச்சது, கன நாள் வச்சிருக்கலாம்."

அவர் உண்மையைச் சொன்னார், ஆனால் சொல்லியிருக்க வேண்டாம். அன்று மாலைக்குள் சிவலை வயிற்றில் செத்துப்போன காளையின் கன்று என்று எல்லா லயங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கவனமாகத்தான் போட்டிருந்தார். சின்ன மாட்டுக்குச் சின்னச் சாதிதான் போடவேண்டும், கீழ் டிவிசனில் நடந்தது போல ஆகாது என்று என் கணவரிடம் விளக்கிச் சொன்னார். அந்தப் பேச்சு எந்த லயத்துக்கும் போய்ச் சேரவில்லை.

பிள்ளைக்காம்பராவில் தாய்மார்கள் என்னை விசாரித்தார்கள். ஊசிக் கன்று போட்ட மாட்டின் பால் தண்ணீராக இருக்குமாமே, அதைக் குடிக்கும் பிள்ளைகளுக்கு உடம்பில் பிடிக்காதாமே என்று கேட்டார்கள். ஒருத்தி, "ஒங்க பொம்பளப் புள்ளைக்கு அதக் குடுத்துறாதீங்க அக்கா, பின்னாடி அதுக்குப் புள்ள பொறக்காதாம்" என்றாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் சண்டை புண்ணாக்குக்கு மாறியது. வயிற்றுக் கன்று பெருத்துவிடக்கூடாதென்று மாமா தீனியைக் குறைத்தார். மாட்டுக்குத் தெம்பில்லாவிட்டால் எப்படிக் கன்று போடும் என்று கணவர் கூட்டினார். காலையில் கணவர் வாளியில் புண்ணாக்கைக் கரைத்துவைப்பார். ஸ்டோரில் சங்கு ஊதி அவர் போனதும் மாமா பாதியை எடுத்து வேறு சட்டியில் ஊற்றுவார். சிவலை இரண்டு பேரையும் பார்த்துத் தலையை ஆட்டும். நடுவே நான் பிள்ளைக்குப் பால் கொடுக்க வரும்போது, எடுத்துவைத்ததை மாமா அதற்கே திரும்ப ஊட்டிக்கொண்டிருந்ததையும் கண்டிருக்கிறேன். பசியோடு அது பார்க்கும் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

எண்பத்தொன்பது நடுப்பகுதியில் எல்லாம் நின்றுபோயிற்று. அரசாங்கம் போட்ட ஊரடங்கு ஒன்று, யாரென்று தெரியாதவர்கள் சுவரில் ஒட்டிய ஊரடங்கு இன்னொன்று. பஸ் இல்லை, லொறி இல்லை. தோட்டத்துக் கடையில் முதலில் மாவு தீர்ந்தது, பிறகு பருப்பு, பிறகு பால்மா. என் மகளுக்கு அப்போது தவழும் வயது. என் பால் அவளுக்குப் போதவில்லை. பிள்ளைக்காம்பராவில் மற்றக் குழந்தைகளுக்கும் கஞ்சிதான். வேலைக்குப் போகும் அரசாங்க ஊழியர்களைச் சுடுவோம் என்று சந்தியில் எழுதியிருந்தது. மாத்தளையில் கந்தோர்கள் திறந்தாலும் உள்ளே ஆள் இல்லை என்றார்கள். மிருக வைத்தியப் பகுதியும் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்துச் சிவலை கன்று போட நின்றது.

ஆடி மாதத்து ஒரு காலை. விடிந்தபோதே பனிக்குடம் உடைந்திருந்தது. வெயில் ஏறிய பிறகும் கன்று வரவில்லை. ஒரேயொரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. மாமா கைவைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் கீழ் டிவிசன் குழி தெரிந்தது.

"அதேதான். அதே மாதிரிதான்" என்றார். கணவரைத் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிராமத்துக்குப் புறப்பட்டார். மாமா வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "நீ போகாத. ஆம்பளப் புள்ளைங்க ரோட்டுல எறங்குனா ரெண்டு பக்கமும் புடிக்கிறானுங்க. மாடு செத்தாலும் பரவால்ல."

"நான் போறேன் மாமா" என்றேன்.

அடுத்த காம்பராவில் இருந்த வேதக்கார அக்கா, "தனியா வேணாம் தங்கச்சி, நானும் வாறேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். அவர் மாத்தளை டவுனில் வளர்ந்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மகளை மாமாவிடம் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் இறங்கினோம்.

பாதையில் போகாமல் கொக்கோ மரங்களுக்குள்ளால் குறுக்கே போனோம். காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்கும் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. கீழே பாதையில் ஒரு ட்ரக் போனது. அது போகும்வரை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அக்கா வாய்க்குள்ளே ஜெபம் சொன்னார். நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன்.

ஊசி மாத்தயா வீட்டில் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் அவருடைய மனைவி சன்னலைக் கொஞ்சமாகத் திறந்தார். அக்கா சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார்.

"அனே, ஐயோ, இவர் வேலைக்குப் போறதில்லை. தெரிந்தும் வந்து கேட்கிறீர்களே, எனக்கும் பிள்ளைகள் இருக்கு" என்றார் அந்தப் பெண். சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "சரி அக்கா, போவோம்" என்று நான் தமிழில் சொன்னேன்.

அதற்குள் மாத்தயா பின்பக்கத்தால் வெளியே வந்துவிட்டார். எத்தனை கால் தெரிகிறது, மூக்குத் தெரிகிறதா, எப்போது தண்ணீர் உடைந்தது என்று கேட்டார். ஒரு கால்தான் என்று நான் சொன்னதும் சன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மனைவியிடம் சொன்னார், "இது கந்தோர் வேலை இல்லை. நான் புல்லு வெட்டப் போறேன்."

உள்ளே போய்க் காற்சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய சாரம் கட்டிக்கொண்டு வந்தார். தோளில் ஒரு சாக்கு, கையில் அரிவாள். சாக்குக்குள் சவர்க்காரம், தேங்காயெண்ணெய்ப் போத்தல், மெல்லிய கயிறு. மனைவி வாசல்வரை வந்து அவருடைய சாரத்தைத் தூக்கிக் கட்டிவிட்டார், வயல்காரர்கள் கட்டுவது மாதிரி.

ஓடைப் பாலத்தில் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"புல்லுக்கு" என்றார் மாத்தயா.

"இவங்க யாரு?"

அக்கா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "எங்க மாட்டுக்குத்தான் புல்லு. இந்த மனுசன் நேத்தும் வரலை, அதான் கூட்டிட்டுப் போக வந்தோம். மாடு பட்டினி கிடக்கு, நீங்களாவது சொல்லுங்க" என்று சிங்களத்தில் மாத்தயாவை ஏசத் தொடங்கினார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு இளைஞன் சிரித்துவிட்டுக் கையால் போகச் சொன்னான். பாலத்தைத் தாண்டிய பிறகும் அக்கா கொஞ்ச தூரம் ஏசிக்கொண்டேதான் வந்தார், நிறுத்தினால் நடுக்கம் வந்துவிடும் என்பது போல.

நாங்கள் மாட்டுப் பட்டிக்கு வந்தபோது சிவலை படுத்துவிட்டிருந்தது. மாமா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என் மகள் அவள் அப்பாவின் தோளில் இருந்தாள். சாரத்தோடு வந்தவரை மாமாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

மாத்தயா முழங்கைக்கு மேல்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, எண்ணெய் பூசிக்கொண்டு உள்ளே கைவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு தேடினார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உசிரு இருக்கு" என்றார். "விரலைச் சப்புது."

நான் அங்கேயே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கன்னு பெரிசா மாத்தயா?" என்று மாமா கேட்டார்.

"கொஞ்சம் பெரிசுதான் பெரியவர். ஆனா கரைச்சல் அது இல்ல. மற்றக் கால் மடங்கிப் பின்னுக்கு நிக்குது. இது ஊசி போடாத கன்னுக்கும் வரும்."

மாடு முக்கும்போது காத்திருந்து, முக்கல் விட்டதும் கன்றை உள்ளே தள்ளினார். குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாதபடி அதைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பின்னால் சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நெற்றி வேர்வையும், பல்லைக் கடித்த வாயும்தான். மாடு முக்கும்போது அவருடைய கை எலும்பே நசுங்குவது போல அவர் முகம் சுளித்தது. மாமா மாட்டின் காதுக்குள், "பொறு தாயி, பொறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டுக்குச் சொன்னாரா அவருக்கே சொன்னாரா தெரியாது.

இரண்டாவது குளம்பு வெளியே வந்தது. கயிற்றைக் கட்டி ஒரு முனையை மாமாவிடம் கொடுத்தார். "மாடு முக்கக்குள்ள மட்டும் இழுங்க. கீழ்ப் பக்கமா." கயிற்றைப் பிடிக்கமாட்டேன் என்று சொன்ன மனிதர் பட்டித் தூணில் காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு இழுத்தார். கணவர் மகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு மாமாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தலை வந்தது. பிறகு ஒரே வழுக்காக முழுக் கன்றும் வந்து விழுந்தது.

அது அசையவில்லை. நாக்கு தொங்கியது. மாத்தயா அதன் மூக்கையும் வாயையும் வழித்துத் துடைத்தார், சாக்கால் விலாவைத் தேய்த்தார். ஒரு வைக்கோல் துண்டை எடுத்து மூக்குத் துளைக்குள் விட்டுக் கிண்டினார்.

கன்று தும்மியது.

அந்தத் தும்மலைக் கேட்டு லயமே சிரித்தது. பட்டிக்கு வெளியே அத்தனை பேர் கூடியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊசிப் பாலைப் பற்றி என்னை எச்சரித்தவளும் நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மாமா குனிந்து பார்த்து, "பொட்டக் கன்னு" என்றார். சொல்லிவிட்டுப் பட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

சிவலை எழுந்து கன்றை நக்கத் தொடங்கிய பிறகுதான் மாத்தயா கையைக் கழுவினார். நஞ்சுக்கொடி விழும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தேன், பால் இல்லாத தேத்தண்ணி. அவர் குடித்து முடிப்பதற்குள் மாமா திரும்பி வந்தார். மாத்தயாவின் சாக்கு நிறையப் புல்லை வெட்டி அமுக்கிக் கட்டி முதுகில் சுமந்து வந்திருந்தார். பாலத்தில் சொன்ன பொய்யை அக்கா அவரிடம் சொல்லியிருந்தார்.

"புல்லுக்கு வந்த ஆளு வெறுங்கையோட போனா நல்லா இருக்குமா?" என்றார்.

மாத்தயா வீட்டில் மாடே கிடையாது. இருந்தாலும் தலையில் வாங்கிக்கொண்டார். கொக்கோக் காட்டு விளிம்புவரை மாமாவும் கூடப் போனார். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்டதற்கு, "புண்ணாக்கக் கொறச்சது பிழைங்கிறாரு" என்று மட்டும் சொன்னார்.

கன்று பிழைத்ததை அன்று எங்களால் முழுதாகக் கொண்டாட முடியவில்லை. எங்கள் மாட்டுக்காக வந்த மனிதர் பாலத்தைத் தாண்டினாரா இல்லையா? கணவர் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு யோசித்தார். சன்னலைத் திறந்த அந்தப் பெண்ணின் முகம் என் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. மறுநாள் முழுக்கத் தகவல் இல்லை. அதற்கடுத்த நாள் அக்கா வெற்றிலை வாங்கும் சாக்கில் இறங்கிப் போனார். நான் பிள்ளைக்காம்பரா வாசலிலேயே நின்றேன். அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"வீட்லதான் இருக்காரு! முற்றத்துல நின்னு வெறகு பொளக்குறாரு. அந்தப் புல்லப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் குடுத்தாங்களாம்."

நான் கையிலிருந்த குழந்தையை, அது யாருடைய குழந்தை என்றுகூடப் பாராமல், இறுக்கி முத்தமிட்டேன்.

சீம்பாலைக் கித்துள் மரத்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினேன். ஊசிக் கன்றின் சீம்பால் என்று யாரும் ஒதுங்கவில்லை. கிண்ணத்தோடு வந்தார்கள், சட்டியில் ஒட்டியதையும் சுரண்டினார்கள். கோவில் விஷயம் மட்டும் தீரவில்லை. ஆடிப் பூசைக்குச் சிவலையின் பால் வேண்டாம், செத்த காளையின் கன்று குடித்த மிச்சம் அம்மனுக்கு ஆகாது என்று சிலர் சொன்னார்கள். கணவர் சண்டைக்குக் கிளம்பினார். மாமா தடுத்துவிட்டார். அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். அம்மனுக்கு வேறு மாட்டுப் பால் போனது. எங்கள் பால் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தது. கடையில் பால்மா திரும்பவும் வரும்வரை அந்தக் குழந்தைகளுக்குக் கஞ்சியில் விட அதுதான் இருந்தது. எந்தத் தாயும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமா கடைசிவரை கட்சி மாறவில்லை. "என்னா இருந்தாலும் பால் கொஞ்சம் தண்ணிதான்" என்பார். சொல்லிவிட்டு இரண்டாவது தேத்தண்ணி கேட்பார். அடுத்த தடவை சிவலையைக் காளையிடம் கொண்டுபோனார்கள், காளை ஊருக்குத் திரும்பி வந்திருந்தது. அதற்கடுத்த தடவை ஊசி. இரண்டு தடவையும் சண்டை நடந்தது, இரண்டு தடவையும் கன்று நல்லபடியாகப் பிறந்தது. எது மேல் என்று எங்கள் வீட்டில் யாரும் தீர்ப்புச் சொன்னதில்லை. ஆள் வந்து சேருமா, அவர் பத்திரமாகத் திரும்பிப் போவாரா என்பது எங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வியாக இருந்த காலம் அது.

அந்த முதல் ஊசிக் கன்று பிறந்து, சீம்பால் நின்று நல்ல பால் வரத் தொடங்கிய நாளில்தான் மகளுக்கு முதல்முதலாகக் கொடுத்தேன். நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தண்ணீர் கலந்து, கரண்டியால் ஊட்டினேன். பிள்ளைக்காம்பராத் தாய்மார் சொன்னதெல்லாம் அப்போது என் தலைக்குள் வந்து நின்றது. ஊட்டிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், வாந்தி எடுக்கிறாளா, வயிறு உப்புகிறதா என்று. அவள் கரண்டியைப் பிடுங்கப் பார்த்தாள். கிடைக்காததற்குக் கத்தினாள். இன்னும் கொஞ்சம் ஊட்டினேன். குடித்துவிட்டு, மூக்கில் பால் ஒட்டியபடி, என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் கணவர் ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் நின்றே கேட்டார், "என்னா, புள்ளைக்கு ஏதும் பண்ணுச்சா?"

"ஒண்ணும் பண்ணல" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்திலேயே தரையில் சாய்ந்துகொண்டார். மாமா வெளியே மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அன்று மாலை முழுக்க வெளியிலிருந்து கெட்ட செய்தி எதுவும் எங்கள் லயத்துக்கு வரவில்லை.